நான் காயவைத்த கரி

அன்புள்ள செல்வம்,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒன்றையும் கூட்ட மாட்டேன், ஒன்றையும் மறைக்க மாட்டேன். எனக்குக் கேவலமாக இருக்கிற இடம் வரும்போது எழுத்தைப் பொடியாக்கவும் மாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிட்டால் பிறகு பின்வாங்க வெட்கமாக இருக்கும் என்று எங்கள் டீச்சர் சொன்னார். அதனால்தான் இப்படித் தொடங்குகிறேன்.

எங்கள் பத்தாம் வகுப்பைப் பற்றி உனக்குப் போனில் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். செம்பூரில், சாயங்காலம் நாலு மணி முதல் ஆறு மணி வரை. பதினோரு பெண்கள் இருக்கிறோம். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், இஸ்திரி போடுகிறவள் நான் ஒருத்திதான். நாற்பத்தெட்டு வயதில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. முதல் பெஞ்சில் உட்காருகிறேன். டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்கிவிடுகிறேன். பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லா, "நாளைக்கு ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிட்டு வந்துரு, ஒனக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்" என்று கிண்டல் செய்கிறாள். உன் அப்பாவும் விடுவதில்லை. நான் புத்தகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், "ஏட்டி கலெக்டரம்மா, இன்னிக்கு எந்த ஜில்லாவுக்குப் போயிட்டு வார? வந்த கையோட ரெண்டு டீ போடேன்" என்பார். ஆனால் என் கணக்குப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டுத் தந்ததும் அவர்தான். அதையும் எழுதிவிடுகிறேன், உண்மை என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா.

வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருகிறோம். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிப்பார்கள். ஸ்டெல்லா எழுந்து, "கொஞ்சம் பொய் கலந்துக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் சிரித்தார். "கலந்துக்கலாம். ஆனா உங்க பிள்ளையும் வாசிக்கும், யோசிச்சுக்கோங்க" என்றார். அப்போதே எனக்கு எதைப் பற்றி எழுத வேண்டும் என்று தெரிந்துவிட்டது. நாலு நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இன்று உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். தமிழ்ப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்தும் உன்னை இந்தி மீடியத்தில் சேர்த்தது நான்தான், அது என் தவறுகளில் சின்னது. மெதுவாக வாசி. குண்டு குண்டாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இன்னும் பதினேழு நாளில் பாட்வா வருகிறது. மராத்திக்காரர்களுடைய வருடப் பிறப்பான அன்றைக்கு உன் மாமனார், நீ கரி போட்டுப் பண்படுத்த நினைக்கிற அந்தக் கீழ்த்துண்டை உன்னிடமே விடுவதா, இல்லை பழையபடி தானே எடுத்து எரித்து விதைப்பதா என்று முடிவு சொல்லப்போகிறார். எடுத்துக்கொண்டால் நீ திரும்பவும் மும்பைக்கு, குர்லா கூரியர் ஆபீஸ் வேலைக்கு வரத்தான் வேண்டும். அதை நீ வாய் திறந்து சொல்லவில்லை, உன் மனைவி வைஷாலி சொன்னாள். போன மழைக்காலத்தில் நீ அந்த மண்ணைக் கெடுத்துவிட்டாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நீயும் தலையாட்டிவிட்டாய். கெடுத்தது நான். எப்படி என்று எழுத வேண்டுமானால் நம் கடையில் இருந்து தொடங்க வேண்டும்.

திலக் நகரில் அந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே நம் இஸ்திரி மேஜை. நீ அதற்கு அடியில் துணி மூட்டைமேல் படுத்துத்தான் வளர்ந்தாய். எல்லாப் பிள்ளைகளும் அ, ஆ படிக்கிற வயதில் நீ நெருப்பைப் படித்தாய். சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியில் மிச்சம் இருக்கிற கங்குகளை நான் ஒரு தகர டப்பாவில் கொட்டி, காற்றுப் புகாமல் மூடியை அழுத்தி, அதன்மேல் ஒரு கல்லையும் வைப்பேன். மறுநாள் காலையில் திறந்தால் கங்கெல்லாம் திரும்பக் கரியாக இருக்கும். மூட மறந்தால் வெறும் சாம்பல். ஐந்து வயதில் நீ கேட்டாய், "எம்மா, உள்ள யாரு அத அணைக்கா?" "பேசாம கெடல" என்று சொல்லிவிட்டேன். உனக்குக் காற்று இல்லாமல் நெருப்பு நிற்காது என்று அன்றைக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் மறுநாளில் இருந்து டப்பாவை மூடுகிற வேலையை நீயே எடுத்துக்கொண்டாய். ஒருநாள்கூட மறந்ததில்லை. அதற்கு நான் உனக்கு அப்போது நன்றி சொல்லவில்லை. பிள்ளைக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன்.

ஒரு நாள் அடித்ததையும் சொல்ல வேண்டும். உனக்கு ஏழு வயது. ஜூலை மாதம். தெருவில் முழங்கால் தண்ணீர். நீ காகிதக் கப்பல் விடுகிறேன் என்று வாளியைக் கவிழ்த்து, ஒரு சாக்குக் கரியை நனைத்துவிட்டாய். ஈரக் கரி பெட்டியில் புகையும், வெடிக்கும், வெள்ளைச் சட்டையில் பொறி தெறிக்கும். மழைக்காலத்தில் ஒரு சாக்கு காய ஒரு வாரம் ஆகும். உன் முதுகில் ஹாங்கர் கம்பியால் அடித்தேன். நீ அழவில்லை. சாக்கைப் பிரித்து, கரியை ஒவ்வொன்றாக எடுத்து என் பழைய சேலையில் துடைத்துப் பரப்பினாய். கை முழுக்கக் கறுப்பு. அடித்த கையாலேயே உனக்குச் சோறு ஊட்டினேன். உலகத்தில் கரிக்கு ஒரே ஒரு எதிரிதான் உண்டு, அது தண்ணீர் என்பது எனக்குள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்று நீ தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இருபத்தைந்து வருடம் நான் கரியைக் கைக்குழந்தை மாதிரி நனையாமல் பார்த்துக்கொண்டவள்.

நீ படித்து, வேலைக்குப் போய், அதே ஆபீஸில் வைஷாலியைப் பார்த்து, கல்யாணமும் முடிந்தது. அவள் வீட்டுக்கு ஒரே பெண். பன்வேலில் இறங்கி எஸ்.டி. பஸ் ஏறி, மலையடிவாரத்தில் இறங்க வேண்டிய ஊர். அவள் அப்பாவுக்கு இடுப்பு வலி வந்து குனிய முடியாமல் போனதும், நீ வேலையை விட்டுவிட்டு அங்கே நெல் போடப்போகிறேன் என்று சொன்னாய். நான் சொன்ன பதிலை எழுதுகிறேன். "ஊரான் சேத்துல எறங்கிக் காலக் கழுவவா நான் ஒன்னய நின்னுக்கிட்டே வளத்தேன்?" வைஷாலி பக்கத்தில்தான் நின்றாள். தமிழ் புரியாது என்று நினைத்தேன். புரிந்திருக்கிறது. அவள் அதை ஒருமுறைகூட எனக்கு எதிராக எடுத்ததில்லை. செல்வம், அந்தப் பெண்ணை நீ கொண்டுவந்ததற்கு உனக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. அவளிடம் நேரில் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. நீ சொல்லிவிடு.

போன வருடம் மே மாதம் நான் அங்கே வந்து தங்கினேன். கட்டடத்துக்காரர்கள் எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போய்விடுவதால் இஸ்திரிக்குத் துணி வராது. வந்த அன்றே அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். துருப்பிடித்த இரும்பு மாதிரி சிவப்பு. விரலால் நசுக்கினால் மணல் மணலாக உதிர்ந்தது. "இதுல எப்படில நெல்லு வெளையும்?" என்று கேட்டேன். நீ அந்த வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். இங்கே பெய்கிற மழை மண்ணில் இருக்கிற சத்தை எல்லாம் கழுவிக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறது, மிஞ்சுவது அமிலம், அமில மண்ணில் வேருக்குச் சாப்பாடு எட்டாது என்றாய். மண் பரிசோதனை அட்டையைக் காட்டினாய். அதில் இருந்த எண் எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரியும். நீல லிட்மஸ் தாளை எலுமிச்சைச் சாற்றில் தொட்டுச் சிவப்பாக்கியதில் எங்கள் வகுப்பில் முதல் ஆள் நான்தான்.

உன் மாமனார் செய்வதையும் பார்த்தேன். நாற்றங்காலுக்கென்று வைத்த இடத்தில் சாணி, காய்ந்த கிளை, சருகு, புல் என்று அடுக்கி, மேலே கொஞ்சம் மண் தூவி, காற்று அடிக்கும் பக்கம் பார்த்துத் தீ வைத்தார். ராப் என்று அதற்குப் பெயர். எரிந்து முடிந்து சாம்பல் ஆனபிறகு, முதல் மழைக்கு அதன்மேலேயே விதைப்பார்கள். களை வராது, நாற்றும் பச்சையாக எழும்பும். நான் கூர்ந்து கவனித்தேன், அவர் செய்வதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது. ஆனால் நாலு பெரிய மழையில் அது ஓடிவிடும், அடுத்த வருடம் மறுபடியும் மரத்தை வெட்ட வேண்டும். நீ சொன்னது, அதே கிளையையும் உமியையும் சாம்பலாக விடாமல் கரியிலேயே நிறுத்திவிட்டால், அது மண்ணுக்குள் பல வருடம் கிடக்கும், புளிப்பையும் கொஞ்சம் தணிக்கும், தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும் என்று. "எம்மா, நம்ம டப்பா ஞாபகம் இருக்கா? அதான். நான் பெருசா ஒரு டப்பா வெட்டப்போறேன்" என்றாய். தரையில் குழி வெட்டி, முந்திரிக் கிளையும் உமியும் போட்டு எரித்து, தழல் அடங்குகிற நேரத்தில் ஈர மண்ணை வாரிப்போட்டு மூடினாய். எப்போது மூட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். "இப்ப போடு, இப்ப போடு" என்று கத்தினேன். மறுநாள் திறந்தபோது உள்ளே கறுகறுவென்று கரி. உன் மாமனார் ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்து, "விஹீண்பாய், இதுல டீ போடலாம்" என்றார். சம்பந்தியம்மாவை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினால்கூட வராது.

அவர் உன்னை நம்பி, அந்தக் கீழ்த்துண்டு நாற்றங்காலில் மட்டும் ராப் எரிக்காமல் விட்டுவைத்தார். முப்பது வருடத்தில் முதல் தடவை என்று வைஷாலி சொன்னாள். நீ கரியைப் பொடித்து, குழியில் கொட்டி, சாணிக்கரைசலும் கோமியமும் ஊற்றினாய். வாரம் இரண்டு தடவை ஊற்றி ஊறவைக்க வேண்டும், மழை வருவதற்குள் கரி வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும் என்று வைஷாலியிடம் சொல்லிவிட்டு, ஆபீஸில் மிச்சம் இருந்த நோட்டீஸ் நாட்களை முடிக்க மும்பைக்குக் கிளம்பினாய். நீ ஊற்றியபோது நான் பக்கத்தில் இல்லை, என்னிடம் நீ சொல்லவும் இல்லை. கரி விஷயத்தில் அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்திருப்பாய்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். வைஷாலி காலையில் தாலுகா ஊருக்கு கம்ப்யூட்டர் சென்டர் வேலைக்குப் போய்விடுவாள். உன் மாமனார் தாங்கித் தாங்கி மேட்டு நிலத்துக்குப் போவார். நான் வீட்டில் தனியாக. மூன்றாம் நாள் அந்தக் குழியை எட்டிப் பார்த்தேன். நல்ல கரி. என் கையால் நேரம் பார்த்து மூடிய கரி. சாணித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. சின்னஞ்சிறுசுகள் கவனமில்லாமல் குழியைத் திறந்து போட்டிருக்கிறார்கள், மாட்டுத் தொழுவத்துத் தண்ணீர் ஓடிவந்து விழுந்திருக்கிறது என்றே நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைஷாலி எனக்குப் புரிகிற இந்தியில் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியாத விஷயம் கரியில் இருக்க முடியாது என்கிற திமிர். மண்வெட்டியால் அள்ளி, குடத்துத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, வீட்டுக்குப் பின்னால் பாறையில் பரப்பினேன். அந்த வெயிலில் இரண்டு நாளில் கலகலவென்று காய்ந்தது. சல்லடையில் சலித்து, ஏழு சாக்கில் கட்டி, நனையாமல் பரணில் ஏற்றினேன். ஏழு படி ஏணியில் ஏழு தடவை ஏறினேன், செல்வம். குழியைத் தார்ப்பாயால் மூடிவிட்டேன். வைஷாலி சாயங்காலம் வந்து, அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரியே, "ஆயி, கரிக்கு ஊத்தணும்" என்றபோது, "நான் பாத்துக்கிட்டேன், நீ ரெஸ்ட் எடு" என்று சொன்னேன். மாமியார் உதவி செய்கிறாள் என்று அவள் சந்தோஷப்பட்டாள். மறு வாரமும் அதையே சொன்னேன். பிறகு கடைக்குத் துணி வரத் தொடங்கியதும் மும்பைக்குத் திரும்பிவிட்டேன். கிளம்பும்போது, எவ்வளவு பெரிய வேலை செய்து முடித்திருக்கிறேன் என்று பஸ்ஸில் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

நான் இங்கே வந்து சேருவதற்குள் நீ கிளம்பிவிட்டாய், நீ அங்கே போய் இறங்கிய அன்றே மழை. இதெல்லாம் வைஷாலி இப்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். தார்ப்பாயைத் தூக்கினாய், குழி காலி. பரணில் ஏழு சாக்கு. ஏணியில் நின்றபடி, கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தாயாம். நான் துணி மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. கீழே உன் மாமனார் விதை நெல்லை முறத்தில் வைத்துக்கொண்டு, "ஊறிடுச்சா?" என்று கேட்டார். முதல் மழையை விட்டால் விதைக்க முடியாது. ராப்பும் எரிக்கவில்லை. நீ சொன்னாய், "மன்னிச்சிருங்க, ஊறவைக்கச் சொல்ல நான் மறந்துட்டேன்." வைஷாலி வாயைத் திறக்கப்போனாள், நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். வீட்டில் இருந்த சாணியை எல்லாம் ஒரே நாளில் கரைத்துப் பிசைந்து பார்த்தாய். அது போதவில்லை. காய்ந்த கரி மண்ணுக்குள் போனதும், நாற்றுக்குச் சேர வேண்டியதை எல்லாம் முதலில் தனக்கென்று இழுத்து வைத்துக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் நாற்று மஞ்சள். மேலே ராப் எரித்த நாற்றங்கால் பச்சை, கீழே உன்னுடையது மஞ்சள், நடுவில் ஒரு வரப்பு. பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் பார்க்கலாம். ஊரில் உன்னைக் கோள்ஸா ஜாவயி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கரி மாப்பிள்ளை. டீக்கடையில் ஒருவர் உனக்குச் சர்க்கரைக்குப் பதில் கரித்தூள் போடட்டுமா என்று கேட்டாராம்.

அப்போது நீ எனக்குப் போன் செய்தாய். நாற்று மஞ்சளாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், ஆனால் நான் என் கையால் எழுத வேண்டும். "நான் அன்னைக்கே சொன்னேம்லா? ஒனக்கு எதுக்குல இந்த வேலை? நல்ல கரிய மண்ணுல கொட்டிப் பாழாக்கிட்ட." "சரி எம்மா. டென்ஷன் எடுக்காத. நீ சாப்ட்டியா?" என்றாய். என் முடிச்சை ஏணியில் நின்று பார்த்தவன், என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டான். செல்வம், இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்டெல்லாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். போன வாரம் அறிவியல் பாடத்தில் நீரைச் சுத்தம் செய்வது எப்படி என்று வந்தது. டீச்சர் கரித்தூள் வேண்டும் என்றார். விடுவேனா? நல்ல காய்ந்த தூளாகச் சலித்து ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனேன். டீச்சர் ஒரு பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து, பஞ்சு வைத்து, என் கரியைப் போட்டு, நீல மை கலந்த தண்ணீரை மேலே ஊற்றினார். கீழே சொட்டியது வெளிறிப்போய்ச் சொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். "மை எங்க போச்சு?" என்று டீச்சர் கேட்டார். நான்தான் வழக்கம்போல முதலில் கையைத் தூக்கினேன். "கரி இழுத்து வச்சுக்கிட்டு டீச்சர்." "ஏன் இழுக்கு?" "அது காஞ்சு வெறும் வயித்தோட இருக்குல்லா, எது வந்தாலும்..." கை தூக்கியபடியே நின்றேன். எனக்கு அந்த ஏழு சாக்கும் தெரிந்தது. ஸ்டெல்லா, "ஏன், பதில் மறந்துட்டா?" என்றாள். பதில் வந்துவிட்டது, அதுதான் சங்கடம்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்றபடி வைஷாலிக்குப் போன் செய்தேன். இந்தியில்தான் பேசினோம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"குழியில இருந்த கரி தெரியாம நனைஞ்சதில்லையா? நீங்கதான் ஊத்தினீங்களா?"

"ஆயி, அது பழைய விஷயம். எதுக்கு இப்ப?"

"செல்வத்துக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். முடிச்சைப் பாத்தே சொன்னார், 'இது எங்கம்மா போட்ட முடிச்சு, பாரு எவ்வளவு கவனமா கட்டியிருக்காங்க'ன்னு."

"உங்கப்பாவுக்கு?"

"தெரியாது. சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். ஆயி, உங்க முகத்தைப் பாத்து எங்கப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டா அவரால தாங்க முடியாதாம்."

அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். அப்புறம் உன்னிடம் பேசியபோது நீ சிரித்தாய். "க்யா எம்மா, போன வருஷத்து நாத்தத் தோண்டிட்டு இருக்க? விடு. அவங்க முன்னாடி நீ தலை குனியக் கூடாது. நான் சமாளிச்சுக்கிடுவேன்" என்றாய். அந்த அன்புக்கு நான் கடைசிவரை உனக்கு நன்றியோடு இருப்பேன். பத்து மாதம் ஒரு ஊரே சிரித்ததை நீ உன் தலையில் வாங்கிக்கொண்டாய், என் பெயரில் ஒரு தூசு விழவில்லை. யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பிள்ளை?

ஆனால் அதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அம்மா என்று ஒருத்தி புத்தி சொல்லாமல் கடிதம் எழுத முடியுமா? நீ யார் வீட்டில் சாப்பிடுகிறாயோ, யார் நிலத்தில் கால் வைக்கிறாயோ, அவரிடம் பொய் சொல்லாதே. நல்ல எண்ணத்தில் சொல்லும் பொய்யும் வேண்டாம். நீ மறந்துவிட்டேன் என்று சொன்னதால் அவர் என்ன முடிவுக்கு வந்தார்? இவன் மறக்கிறவன், இவனை நம்பி மண்ணை விட முடியாது என்றுதானே? உண்மையைச் சொல்லியிருந்தால் கரி கெட்டதில்லை, காய்ந்த கரி போட்டதுதான் தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நீ உன் கரியின் மானத்தைக் கெடுத்துவிட்டாய். இன்னொன்று. அவர் எரிப்பதை ஊரில் நாலு பேர் முன்னால் குறை சொல்லாதே. அவர் எந்தப் பக்கம் காற்று, எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துச் செய்கிறார். தெரியாததை அவரிடம் கேள். நான் உன்னிடமும் வைஷாலியிடமும் ஒரு வார்த்தை கேட்காததன் பலனைத்தான் நீ பார்த்துவிட்டாயே.

இதை நீ அவருக்கு மராத்தியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். நடுவில் நீ என்னைக் காப்பாற்றி மாற்றி வாசித்துவிடுவாய். அதனால் இன்று மத்தியானம் கடையில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நானே உன் மாமனாருக்குப் போன் செய்தேன். என் இந்தியும் அவர் இந்தியும் எப்படி என்று உனக்குத் தெரியும். ஆனால் இதற்கு நிறைய வார்த்தை தேவைப்படவில்லை.

"சம்பந்தி, கரிய ஊறவைக்கச் செல்வம் மறக்கல. ஊறினத எடுத்துக் காயவச்சது நான்" என்றேன்.

அவர் பக்கம் மாட்டு மணி மட்டும் கேட்டது. "நீங்களா? எதுக்கு?"

"எங்க தொழில்ல ஈரக் கரி ஆகாது. கெட்டுப்போகுதுன்னு நெனச்சேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்காக மறச்சிட்டான்."

அவர் நிதானமாகச் சொன்னார். "விஹீண்பாய், நாத்து மஞ்சளானதுக்கு எனக்குக் கோபம் கிடையாது. பூச்சியும் மழையும் எத்தனையோ தடவை மஞ்சளாக்கியிருக்கு. என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே பத்து மாசம் பொய்ய வச்சிருந்தான் பாருங்க, அதுக்குத்தான் கோபம். ராத்திரி சாப்பிடும்போது கேப்பேன்."

"கேளுங்க. என்னையும் சேத்துத் திட்டுங்க."

"நீங்க என்ன, சின்னப் பிள்ளையா?"

"ஆமா, பத்தாவது படிக்கேன்" என்றேன். அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை.

நிலத்தைப் பற்றிக் கேட்டேன். போனில் அதைப் பேச மாட்டேன் என்றார். "நீங்க வாங்க. இந்த வருஷம் அவன் சுட்ட புதுக் கரி குழியில கிடக்கு. உங்க கையால கரைசல் ஊத்துங்க, நான் பக்கத்துல நின்னு பாப்பேன். பாட்வா அன்னிக்கு என்ன சொல்லணுமோ சொல்றேன்" என்றார். போனை வைப்பதற்கு முன்னால், "வரும்போது சாக்கு மட்டும் கொண்டு வராதீங்க" என்றும் சொன்னார்.

அவர் நிலத்தைத் தருவார் என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. தந்தாலும் ஒரே வருடத்தில் அந்தச் சிவப்பு மண் மாறிவிடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் இந்த முறை அவர் சரியான காரணத்தை வைத்துக்கொண்டு முடிவு செய்வார். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். இரண்டு வாரம் கடையை உன் அப்பா பார்த்துக்கொள்வார். "சட்டைய எரிச்சா ஒம்பேரச் சொல்லுவேன்" என்றார். பாடப் புத்தகங்களையும் எடுத்து வருகிறேன், டீச்சரிடம் லீவு லெட்டர் கொடுத்தாகிவிட்டது. கரைசலில் கைவிட எனக்கு அருவருப்பு இல்லை. கரி நனைவதைப் பார்க்கத்தான் கொஞ்சம் மனசு பதறும். பக்கத்தில் நில்.

இந்தப் பக்கங்களை எல்லாம் படம் எடுத்து இப்போதே வைஷாலி போனுக்கு அனுப்பப்போகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்துவிடு. உன் மாமனார் கேட்கும்போது குனிந்துகொண்டு தட்டைப் பார்க்காதே. "ஆமா, எனக்குத் தெரியும், எங்கம்மாவுக்காக மறைச்சேன், மன்னிச்சிருங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அவ்வளவு போதும். மிச்சத்தை நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

ஆறு மணி தாண்டிவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள், டீச்சர் சாவியோடு நிற்கிறார், "இன்னும் ஒரே வரி டீச்சர்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். ஃபேன் நின்றுவிட்டது. விளக்குகளையும் அணைத்துவிட்டார்.

உன் அம்மா